அந்த உதாரண வாக்கியத்தில் இருப்பவள் நான்

ஜூலை 6

ஆங்கிலம்–தமிழ் அகராதியின் ஆசிரியர் அவர்களுக்கு,

என் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஒரு ட்யூஷன் வகுப்பு நடக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகள் ஒரு வாரமாக மாலைதோறும் என்னைப் பற்றிய ஒரு பொய்யை ஒரே குரலில் ஒப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பொய்யைத் திருத்துவதற்காக இதை எழுதுகிறேன்.

என் கணவரின் அடக்கத்தன்று அவர் தங்கையிடம் நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது தவறு. பேசினேன். “குடை சொட்டுது” என்று சொன்னேன். யார் எண்ணினாலும் அது இரண்டு வார்த்தை.

பிள்ளைகள்மீது எனக்குக் கோபமில்லை. அவர்கள் கையில் இருப்பது உங்கள் அகராதியின் புதிய பதிப்பு. அதில் ‘வவுச்சேஃப்’ (vouchsafe) என்ற வினைச்சொல்லுக்குக் கீழே நீங்கள் ஆங்கிலத்தில் ஓர் உதாரண வாக்கியம் கொடுத்து, தமிழிலும் போட்டிருக்கிறீர்கள்: “காலை முழுவதும் மழையில் நின்ற நாத்தனாருக்குக் கண்ணாடிக் கடைக்காரரின் விதவை ஒரு வார்த்தைகூட அருளவில்லை.” உலகத்தில் எத்தனையோ கண்ணாடிக் கடைக்காரர்கள் இறந்திருக்கலாம். அகராதி ஆசிரியரைத் தங்கையாகப் பெற்றவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்.

என் மானத்தை ஒரு பக்கம் வையுங்கள். சொல்லையே நீங்கள் தவறாகக் கையாண்டிருக்கிறீர்கள். கான்வென்டில் எங்கள் மதர் இதைக் கையால் காட்டித்தான் சொல்லிக்கொடுப்பார். ஒரு கையை மேலே தூக்குவார். அது தருகிற கை. இன்னொன்றைக் கீழே விரித்துப் பிடிப்பார். அது கேட்கிற கை. மேலே இருப்பவர், தரவேண்டிய கடமை எதுவும் இல்லாமல், போனால் போகிறது என்று இறங்கித் தருவதற்குத்தான் இந்தச் சொல். அதனால்தான் பிரார்த்தனைப் புத்தகங்களில் கடவுளிடம் கேட்கும்போது வருகிறது. பழைய நாவல்களில் வேலைக்காரன் ஏதோ கேட்க, பிரபு பதில் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளும் இடத்தில் வருகிறது. கதாசிரியர்கள் இதைப் பெரும்பாலும் ‘இல்லை’யோடு சேர்த்தே எழுதுவார்கள்; கொடுத்ததைவிடக் கொடுக்காததைச் சொல்வதற்கே இது அழகான சொல். ஆனால் கேட்கிற கை இல்லாத இடத்தில் இதைப் போட்டால் மதர் எங்களை முழங்காலில் நிறுத்துவார்.

உங்கள் வாக்கியத்தில் வரும் நாத்தனார் அன்று எதையும் கேட்கவில்லை. வாசலில் நின்றாள். நின்றதற்கெல்லாம் நான் எப்படிப் பொறுப்பாவேன்?

பல வருடங்களாக உங்கள் அகராதிக்குத் தபாலில் திருத்தங்கள் அனுப்பி வந்தவள் நான். இதுவும் ஒரு திருத்தம். அந்த வாக்கியத்தை அடுத்த அச்சில் நீக்கவும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி


ஜூலை 14

மதிப்புக்குரிய வாசகி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. எங்கள் அகராதியில் இட்டுக்கட்டிய உதாரணங்களைச் சேர்ப்பதில்லை. ஒவ்வொரு வாக்கியமும் யாரோ ஒருவர் படித்தது, கேட்டது அல்லது கண்ணால் கண்டது. மேற்படி வாக்கியம் மூன்றாம் வகை. எனவே அதை நீக்க முகாந்திரம் இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.

அண்ணி, டைப்பிஸ்ட் அடித்தது இதுவரைதான். இனி என் கையெழுத்து.

கையெழுத்து சரியில்லை என்று சிவப்பு மையில் திருத்தி அனுப்புவீர்கள் என்று தெரியும். அனுப்புங்கள். அப்படியாவது உங்களிடமிருந்து ஏதாவது வரட்டும்.

அந்த வாக்கியம் எப்படி வந்தது என்று சொல்கிறேன். அந்தச் சொல்லுக்கு என் உதவியாசிரியர்கள் கொண்டுவந்து குவித்ததெல்லாம் கடவுளும் பிரபுக்களும்தான். உங்கள் மதர் சொன்ன அதே சரக்கு. “நம்ம காலத்துல யாருமே இதைச் செய்யலையா?” என்று கேட்டேன். மூத்த உதவியாசிரியர் பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்: “இப்பல்லாம் யாரு மேடம் கெஞ்சுறா, யாரு அருளுறா? ஃபோனை கட் பண்ணிட்டுப் போயிட்டே இருக்காங்க.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு, இன்றும் அதைச் செய்கிற ஓர் ஆளை எனக்குத் தெரியுமே என்று தோன்றியது. அந்த இடத்திலேயே எழுதிக் கொடுத்தேன். ஒருவரும் ஒரு திருத்தமும் சொல்லவில்லை. அவ்வளவு பொருத்தம்.

நான் எதையும் கேட்கவில்லையா? அடக்கம் முடிந்த வாரமே உங்களுக்கு எழுதினேன். அடுத்த மாதம் மறுபடி எழுதினேன். அண்ணன் கடைசியாக என்ன சொன்னார், என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். இரண்டுக்கும் பதில் இல்லை. கேட்கிற கை எது என்று உங்கள் மதரிடம் போய்க் காட்டுங்கள்.

அப்புறம் அந்த இரண்டு வார்த்தை. அண்ணனைப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள், நான் அழுதுகொண்டு வாசலில் நிற்கிறேன், உங்கள் கண்ணுக்குத் தெரிந்தது என் குடையும் உங்கள் தரையும். அதை வார்த்தை என்ற கணக்கில் நான் சேர்க்கவில்லை. ஆசிரியர் என்ற முறையில் அது என் உரிமை.

உங்கள்
நாத்தனார்


ஜூலை 19

நாத்தனாருக்கு,

‘நீங்கள்’ போதும். ஆசிரியருக்குக் கொடுத்த மரியாதை அது. ஆசிரியரே டைப்பிஸ்டோடு எழுந்து போய்விட்டார்.

உனக்குச் சின்ன வயதிலேயே அகராதி பிடித்துவிட்டது என்று உன் அண்ணன் சொல்வார். நீ அந்த வேலையில் சேர்ந்த பிறகு அதையே பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தார். நான் இன்னும் அவர் முதலில் சொன்ன அர்த்தத்திலேயே இருக்கிறேன்.

நேற்று நடந்ததைக் கேள். மாலையில் கடையைப் பூட்டிவிட்டு வருகிறேன். கடையை நான்தான் நடத்துகிறேன். உனக்கு அது தெரியுமோ தெரியாதோ. படியேறும்போது உள்ளே கோரஸ் ஆரம்பித்தது. கண்ணாடிக் கடைக்காரரின் விதவை, கண்ணாடிக் கடைக்காரரின் விதவை என்று. தாங்க முடியாமல் கதவைத் தட்டினேன். ட்யூஷன் நடத்துகிற பெண் எழுந்து வந்தாள்.

“இந்த வாக்கியத்தை மாத்திச் சொல்லிக்கொடு” என்றேன்.

“ஏம்மா, தப்பா இருக்கா? அச்சுல வந்ததாச்சே.”

“தப்பு. அது நான்.”

அவள் புத்தகத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி புத்தகத்தைப் பார்த்தாள். அந்தக் கண்ணாடி நம் கடையில் வாங்கியது.

“நீங்களா? அட. பசங்க நாலு நாளா என்னைப் பிடுங்கி எடுக்குறாங்கம்மா, அந்தம்மா ஏன் பேசலன்னு. பதில் பின்பக்கத்துல எங்கயாச்சும் போட்டிருக்கான்னு நானும் தேடிட்டேன். இல்ல. நீங்களே சொல்லிடுங்களேன்.”

“அதெல்லாம் பாடத்துல வராது” என்று சொல்லிவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன். இன்று காலையில் தண்ணீர் கேன்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். கேனை இறக்கி வைத்துவிட்டு, “சரிங்கம்மா, வரேன்” என்று சொல்லிப் பதிலுக்கு நின்றார். வழக்கமாக நிற்க மாட்டார். நான் பேசுகிறேனா என்று பார்த்திருக்கிறார். இதுதான் நீ செய்த வேலை.

இப்போது உன் இரண்டு கடிதங்களுக்கு வருகிறேன். வந்தன. படித்தேன். பதில் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று உனக்கே தெரியும் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். உன் அண்ணன் கடைசியாக என்ன சொன்னார் என்று என்னிடம் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். தண்ணீர் கேன்காரர் கேட்கலாம். உலகத்தில் அதை என்னிடம் கேட்கக் கூடாத ஒரே ஆள் நீ. நீயே கேட்டபோது, அதுவும் இரண்டு தடவை கேட்டபோது, வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறாய் என்று நினைத்தேன். வேல் பாய்ச்சுகிறவளுக்கு உட்கார்ந்து பதில் எழுதுகிற வழக்கம் எனக்கில்லை.

அந்த வாக்கியத்தை எடு.

அண்ணி


ஜூலை 28

அண்ணி,

உங்கள் கடிதத்தை ஆபீசில் மூன்று பேரிடம் காட்டலாமா என்று யோசித்தேன். நான் ஏன் கேட்கக் கூடாது என்று எனக்குப் புரியவில்லை. பிழைப்பே சொற்களுக்கு அர்த்தம் சொல்வதுதான். இதற்கு என்னால் அர்த்தம் சொல்ல முடியவில்லை.

நான் கேட்கக் கூடாதா? உங்களுக்குப் புருஷனாக ஆவதற்கு முன்பே அவர் எனக்கு அண்ணன். சைக்கிள் பாரில் என்னை உட்கார வைத்து, தெருவில் வரும் போர்டுகளை எல்லாம் படிக்கச் சொன்னவர். நான் படித்த முதல் சொல் ‘விற்பனைக்கல்ல’. அதை வைத்துக் கடைசிவரைக்கும் கேலி செய்தார்.

ஆஸ்பத்திரியில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு காலை. டாக்டர் அன்று, இன்னும் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார். நீங்களும் பக்கத்தில் நின்றுதான் கேட்டீர்கள். அந்தத் தைரியத்தில்தான் ரயிலேறினேன். இல்லாவிட்டால் போயிருப்பேனா? அதற்குப் பிறகு இரண்டு நாள் முழுக்க அவர் பக்கத்தில் இருந்தவர் நீங்கள். அந்த இரண்டு நாள் பேச்சும் உங்களிடம்தான் இருக்கிறது. என்னிடம் ஒன்றும் இல்லை. ஃபோன் வந்ததுமே கிளம்பியும், நான் திரும்பி வந்தபோது மழை, பெட்டி, வாசலில் பந்தல், உங்கள் தரை.

பேச்சே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். பெரியம்மா மகள் உங்களிடம் கேட்டதற்கு, “அது எனக்கும் அவருக்கும் நடுவுல” என்று சொன்னீர்களாம். அப்படியென்றால் ஏதோ இருக்கிறது. பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறீர்கள். அதை என் காதில் அவள் சொன்ன அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. உங்களுக்கு அவ்வளவு பெரிய பங்கு கிடைத்திருக்கிறது. எனக்கு ஒரு கிள்ளு கிள்ளிக் கொடுத்தால் குறைந்தா போய்விடும்? இதற்குத்தான் அந்தச் சொல். மேலே இருக்கிற கை. நான் ஒன்றும் தவறாகக் கையாளவில்லை.

அந்தச் சொல்லைப் பற்றி உங்கள் மதர் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆதியில் அது இரண்டு சொற்கள். பொறுப்பு ஏற்றுக்கொள்வது என்பது ஒன்று, பத்திரம் என்பது மற்றொன்று. ‘இது பத்திரம், நான் பொறுப்பு’ என்று சொல்லி ஒரு பொருளை ஒருவர் கையில் ஒப்படைப்பது. அந்தக் காலத்தில் மேல் கை, கீழ் கை என்பதெல்லாம் அதில் அவ்வளவாக இல்லை. பிறகுதான் அது பிரபுக்கள் கையில் சிக்கிக் கெட்டுப்போனது.

ஒப்பந்தம் ஒன்று சொல்கிறேன். அண்ணன் கடைசியாகப் பேசியதில் ஒரே ஒரு வாக்கியம் எழுதி அனுப்புங்கள். என்னைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அது வந்த மறுநாள் உங்கள் வாக்கியத்தை எடுத்துவிடுகிறேன். வராவிட்டால் அடுத்த பதிப்பிலும் அது இருக்கும், அதற்கடுத்ததிலும் இருக்கும். உங்களுக்கும் எனக்கும் பிறகும் பிள்ளைகள் அதை ஒப்பித்துக்கொண்டிருப்பார்கள்.

நாத்தனார்


ஆகஸ்ட் 3

நாத்தனாருக்கு,

மிரட்டல் கிடைத்தது. இனி நான் சொல்வதை நிதானமாகப் படி. ஒரு தடவைக்கு மேல் எழுத மாட்டேன்.

நீ ரயிலேறிய அன்று காலையில் டாக்டர் பார்த்துவிட்டுப் போனதும் நான் குளித்து உடை மாற்றிக்கொண்டு வர வீட்டுக்குப் போயிருந்தேன். “நான் பாத்துக்குறேன், போய்ட்டு வாங்க” என்று அனுப்பி வைத்ததே நீதான். திரும்பி வரும்போது நீ வராந்தாவில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாய். “அண்ணன் நல்லா பேசினார் அண்ணி. ரெண்டு பேரும் சிரிச்சு சிரிச்சு நர்ஸ் வந்து திட்டுற அளவுக்கு ஆயிடுச்சு. போய்ப் பாருங்க” என்று சொல்லிவிட்டு ஓடினாய். வண்டிக்கு நேரமாகிவிட்டது.

போய்ப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தார். பேசிக் களைத்துத் தூங்குகிறார் என்று எழுப்பவில்லை. ஃப்ளாஸ்க்கை ஓசைப்படாமல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் நர்ஸ் மாத்திரை கொடுக்க எழுப்பிப் பார்த்தாள். எழவில்லை. டாக்டர் ஓடி வந்தார். தூக்கத்திலேயே மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது என்றார். அதற்குப் பிறகு இரண்டு நாள் மூச்சு மட்டும் இருந்தது. உனக்குத் தந்தி அடித்ததுபோல ‘கவலைக்கிடம்’ என்று ஃபோனில் சொன்னவர்கள், அவருக்கு நினைவே இல்லை என்பதைச் சொல்லவில்லை என்பதே எனக்கு உன் கடிதத்தைப் படித்துத்தான் தெரிகிறது. சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். நான் ஒருவருக்கும் ஃபோன் செய்யும் நிலையில் இல்லை.

நீ சொல்கிற அந்த இரண்டு நாள் பேச்சு என்பது இதுதான். நான் பேசினேன். அவர் பேசவில்லை.

இப்போது உன் கடிதங்களை என் இடத்தில் உட்கார்ந்து படித்துப் பார். அவர் கடைசியாகப் பேசியது உன்னிடம். கடைசியாகச் சிரித்தது உன்னோடு. அதை முழுசாக அள்ளிக்கொண்டு ரயிலேறியவள், வெறும் கையோடு உட்கார்ந்திருக்கிறவளுக்குக் கடிதம் போட்டு, “என்னைப் பற்றி என்ன சொன்னார்?” என்று கேட்கிறாள். எனக்கு எப்படி இருந்திருக்கும்? நீ அறியாமல் கேட்டாய் என்று இப்போது தெரிகிறது. அதற்காக அன்று வந்த கோபம் இல்லையென்று ஆகிவிடாது.

பெரியம்மா மகளிடம் சொன்னதையும் கேள். புருஷன் செத்த வீட்டில் வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி அது. கடைசியா என்னம்மா சொன்னார்? ‘ஒன்றும் சொல்லவில்லை’ என்று சொன்னால் அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தி, உனக்கென்று ஒரு வார்த்தைகூட வைக்கவில்லையா என்று கேட்கிற முகம். முதலில் வந்தவர்களிடம் உண்மையைத்தான் சொன்னேன். அந்த முகத்தை அதற்குமேல் பார்க்கப் பிடிக்காமல் அவளிடம் அப்படிச் சொன்னேன். கடையில் தினமும் பார்க்கிறேன். சுவரில் மாட்டியிருக்கும் கண் பரிசோதனை அட்டையில் கடைசி வரி தெரியாதவர்கள், தெரியவில்லை என்று சொல்வதில்லை. வாய்க்கு வந்த எழுத்தைச் சொல்வார்கள். உன் அண்ணன் ஒருபோதும் அவர்களைக் குறை சொன்னதில்லை. லென்ஸை மாற்றிப் போட்டு, “இப்ப பாருங்க” என்பார்.

அடக்கத்தன்று நான் உனக்காகத்தான் காத்திருந்தேன். நீ வந்து, அவர் இன்னது சொன்னார், இதற்குச் சிரித்தார் என்று நீயாகவே சொல்வாய் என்று உள்ளே உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வாசலிலேயே நின்றாய். நான் கூப்பிட வேண்டும் என்று நின்றாய் போலிருக்கிறது. எழுந்து வந்து “குடை சொட்டுது” என்றேன். குடை சொட்டினால் அதை மடக்கி மூலையில் வைத்துவிட்டு உள்ளே வருவது என்று ஒன்று உண்டு. அதற்கு அர்த்தம் சொல்லத் தெரியாத நீ அகராதி போடுகிறாய்.

அன்றே உன்னிடம் கேட்டிருக்கலாமே என்பாய். கேட்கிற கையை நான் எங்கும் நீட்டியதில்லை. கான்வென்டில் சாப்பாட்டு மேசையில் உப்புகூடக் கேட்டதில்லை. உப்பில்லாமல் சாப்பிட்டு எழுந்துவிடுவேன். உன் அண்ணனுக்கு அது தெரியும். நான் கேட்பதற்கு முன்பே எடுத்து வைத்துவிடுவார். அப்படியே பழகிவிட்டேன். இனி எடுத்து வைக்க ஆளில்லை என்பது எனக்குப் புரியவே இவ்வளவு நாளாகிவிட்டது.

உன் ஒப்பந்தத்தை நான் ஏற்கவில்லை. கொடுப்பதற்கு என்னிடம் எதுவுமில்லாதபோது பேரம் எங்கிருந்து வரும்? உன் வாக்கியத்தை எடுப்பதும் எடுக்காததும் உன் இஷ்டம். எடுக்காவிட்டால் ஒரு திருத்தமாவது செய். அருள வேண்டிய இடத்தில் இருந்தவள் விதவை இல்லை. நாத்தனார். மழையில் நின்றுகொண்டு, மேல் கையைக் குடைக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள். கண்டதைத்தான் எழுதுவோம் என்றாயே, இதைக் கண்டவள் நான். உன் விதிப்படியே இது செல்லும்.

ஆதியில் அந்தச் சொல்லுக்குப் பத்திரமாக ஒப்படைப்பது என்று அர்த்தம் என்று எழுதியிருந்தாய். மதர் அதைச் சொல்லித் தரவில்லை. தந்திருக்கலாம்.

நான் வருவதற்கு முன்னால் அன்று காலையில் அவர் உன்னிடம் என்ன பேசினார்? முதலில் என்ன, பிறகு என்ன, எதற்குச் சிரித்தீர்கள்? அந்த ‘விற்பனைக்கல்ல’ கதையாகவே இருந்தாலும் சரி. என்னைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்றில்லை. ஞாபகமில்லாததை ஞாபகமில்லை என்று எழுது, ஊகித்து நிரப்பாதே. ஃபோனில் வேண்டாம், ஃபோனில் ஒரு தடவைதான் கேட்கும். ஒரு தாளில் எழுதி, என் பெயருக்குத் தபாலில் அனுப்பு.

கேட்கிறேன்.

அண்ணி